சடையன் கண்மாய்ச் சத்துத் தண்ணி

ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படியெல்லாம் எழுதுவார்கள். எனக்கு இன்னும் முப்பத்தைந்து வயது ஆகவில்லை. ஆனால் நான் மனசார விரும்பிப் பார்த்த ஒரு வேலை எனக்கு முன்னதாகவே ஓய்வு பெற்றுப் போய்விட்டது. கண்மாய்த் தண்ணீரைப் பிடித்து வந்து, அதில் மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களை மைக்ராஸ்கோப்பில் வைத்து எண்ணுகிற வேலை அது. மிதவை உயிரிகள் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நாங்கள் பிளாங்க்டன் என்றே சொல்லுவோம்.

இப்போது நான் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டர். சமீபத்தில் எங்கள் தொட்டியில் ஒரு சென்சார் மாட்டினார்கள். குச்சி மாதிரி ஒன்று தண்ணீருக்குள் நிற்கும். தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்பதை எந்நேரமும் போனுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு பேர், ஒரு பெண்ணும் ஒரு பையனும், அதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அண்ணே, இது வாரதுக்கு முன்னாடி எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டது அந்தப் பெண்.

"பாட்டில்ல தண்ணி புடிச்சு, மருந்து விட்டு, கலரப் பாத்துத்தான்."

"கலரப் பாத்தா? சேலை எடுக்கப் போன மாதிரில்ல இருக்கு!"

கூட இருந்த பையனும் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அன்றைக்கு ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கலர்கள் கண்ணுக்குள்ளேயே நின்றன. மறுநாள் அவர்களுக்குச் சடையன் கண்மாய்க் கதையைச் சொன்னேன். "எழுதி வைங்கண்ணே" என்றது அந்தப் பெண். எழுதுகிறேன்.

எனக்குச் சேத்தூர்ப் பக்கம். அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போனவர்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டினது நான்தான் முதல். காலேஜில் விலங்கியல் எடுத்தபோது, "எம்மவன் மீனு படிக்கான்" என்று அம்மா தெருவில் சொன்னாள். படிப்பு முடிந்து இந்த வேலை கிடைத்ததும் அதையும் அவளே மொழிபெயர்த்தாள்: "தண்ணிய எண்ணுதானாம்." எதிர்வீட்டு அத்தை வாயில் கை வைத்துக்கொண்டு, "தண்ணியவா? எம்புட்டு இருக்காம்?" என்று கேட்டாள். பல நாள் தெருவில் எனக்கு அதுதான் பெயர். பஸ்ஸைவிட்டு இறங்கினால், "என்னலே, எண்ணி முடிச்சாச்சா?" என்று யாராவது கேட்பார்கள்.

ஆய்வுக்கூடம் ஸ்ரீவில்லிபுத்தூரில், ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், பால்கோவாக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. கழிவுநீர் சேருகிற கண்மாய்களில் என்ன வளருகிறது, மீன் எப்படி ஆகிறது என்று பார்ப்பதற்கான திட்டம். கீழே விறகடுப்பில் பால் சுண்டிக்கொண்டிருக்கும். மேலே அயோடின் நாற்றம். இரண்டும் படிக்கட்டில் சந்தித்துக்கொள்ளும். இப்போதும் எங்காவது பால் அடிப்பிடிக்கிற வாசனை வந்தால், கை தானாக மைக்ராஸ்கோப்பின் திருகைத் தேடுகிறது.

அங்கே எனக்கு மேலதிகாரி எஸ்தர் மேடம். திருநெல்வேலிக்காரர். ஓய்வுக்குச் சில வருஷங்களே மீதி இருந்தன. முனைவர் பட்டம், வெளியூர்க் கருத்தரங்கு எல்லாம் இருந்தும் பேச்சில் ஊர் போகவில்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அபூர்வம். "ஏலே" தான். சேர்ந்த புதிதில் கொஞ்சம் சுருக்கென்றிருந்தது. பிறகு அவர் "தம்பி" என்று கூப்பிட்டால்தான் பயம் வந்தது. ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதல் வருஷம் முழுக்க எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பாட்டிலை நிரப்புவதுதான் என்று சொன்னால் மிகையில்லை. கண்ணாடி மூடி போட்ட சின்ன பாட்டில். அதைக் கண்மாய்த் தண்ணீராலேயே அலசவேண்டும். பிறகு ரப்பர்க் குழாயை அடி வரைக்கும் விட்டு, சலசலப்பில்லாமல் நிரப்பி, வழியவிட்டு, குழாயை மெல்ல உருவி, மூடியைச் சாய்வாக வைத்து அமுக்கவேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழிகூட இருக்கக்கூடாது. குமிழி இருந்தால் அது வெளியாள். கண்மாயின் ஆக்சிஜனோடு அதுவும் கணக்கில் ஏறிவிடும். மேடம் பாட்டிலை வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பார்.

"ஏலே, உள்ள பலூன் கட்டி வச்சிருக்கியே. யாருக்குப் பொறந்தநாளு?"

கொட்டிவிட்டு மறுபடியும் பிடிப்பேன்.

பாட்டில் சரியாக நிறைந்தபின் இரண்டு மருந்துகளைத் தண்ணீருக்கு அடியில் போகிறமாதிரி விடவேண்டும். மூடிக் குலுக்கினால் உள்ளே பஞ்சு பஞ்சாக ஒன்று திரண்டு அடியில் படியும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் அந்தப் பஞ்சு பழுப்பாக இருக்கும். நிறைய இருந்தால் கடும் பழுப்பு. அறவே இல்லையென்றால் வெள்ளை. அதற்கப்புறம் மாடியில் வந்து சொட்டுச் சொட்டாக வேறொரு திரவம் விட்டுச் சரியான அளவைக் கண்டுபிடிப்போம். அது மணிக்கணக்கில் ஆகிற வேலை. ஆனால் கரையில் நிற்கும்போதே அந்தப் பஞ்சின் நிறம் முக்கால்வாசியைச் சொல்லிவிடும்.

எண்ணுகிற வேலை இன்னும் பொறுமை கேட்பது. வாளி வாளியாகத் தண்ணீரை மொண்டு, பட்டுத்துணியில் தைத்த கூம்பு வலையில் வடித்து, அடியில் தேங்குகிறதைச் சின்னக் குப்பியில் எடுப்போம். அதிலிருந்து ஒரு மில்லிலிட்டரைக் கட்டம் போட்ட கண்ணாடித் தட்டில் விட்டு, கட்டம் கட்டமாகப் பார்க்கவேண்டும். மேற்கு மலை அடிவாரத்தில் பிளவக்கல் அணைப் பக்கமிருந்து வருகிற தண்ணீரில் கட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ இருக்கும். காலி மைதானத்தில் யாரோ நடந்து போகிறமாதிரி. இராஜபாளையம் சேத்தூர் ரோட்டில் இருக்கிற சடையன் கண்மாய்த் தண்ணீரை வைத்தால் தேர் அன்றைக்கு ரத வீதி. சக்கரம் மாதிரி ஒன்று, படகு மாதிரி ஒன்று, நாலு பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறமாதிரி ஒன்று. அந்தக் கூட்டத்துக்குள் தலையில் மயிர்க்கிரீடம் சுழற்றிக்கொண்டு, பாசியை மேய்ந்தபடி சின்னஞ்சிறு விலங்குகள் போகும். ஒரு சொட்டைப் பார்த்து முடித்து நிமிர்ந்தால் ஜன்னலுக்கு வெளியே கோபுரம் புதுசாகத் தெரியும்.

சடையன் கண்மாயில் இத்தனை கூட்டத்துக்குக் காரணம் ஒரு வாய்க்கால். வீடுகளின் சமையலறைத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், மற்றது எல்லாமே அதில்தான் வந்தது. அதில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் உண்டு. வயலுக்கு உரம் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதேதான். வெயிலும் சேர்ந்தால் பாசி பெருகும். பாசியைச் சின்ன விலங்குகள் தின்னும். இரண்டையும் மீன் தின்னும்.

அந்த மீனை வைத்திருந்தவர் செல்வராஜ் அண்ணன். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். வந்தபிறகு இங்கே வேலை அமையாமல் சென்னையில் ஏடிஎம் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அது பொறுக்காமல் ஊருக்குத் திரும்பி, சொந்தக்காரர்கள் சிலரோடு சேர்ந்து கண்மாய் மீன் குத்தகையை எடுத்தார். முதல் தடவை மழை இல்லாமல் கண்மாய் வற்றிப்போனது. இது இரண்டாவது தடவை. இதுவும் போனால் மறுபடி சென்னைதான் என்று வீட்டில் பேச்சு. அவர் மனைவி புஷ்பக்கா என்னிடம் ஒருநாள் சொன்னார்கள்: "கல்யாணம் ஆனதுல இருந்து லீவுக்கு வார மனுசனாத்தான் பாத்திருக்கேன் தம்பி. இப்பத்தான் வீட்டுல இருக்காவ. இந்தக் கண்மாய்தான் பிடிச்சு வச்சிருக்கு."

அந்த வாய்க்கால் தண்ணீருக்கு ஊரில் வேறு பெயர்கள் இருந்தன. செல்வராஜ் அண்ணன் மட்டும் "சத்துத் தண்ணி" என்பார். வாய்க்கால் கண்மாயில் விழுகிற இடத்தில் பலகை போட்டு, வேண்டும்போது தூக்குவார், வேண்டாதபோது இறக்குவார். அந்தத் தண்ணீர் சேரச்சேர அவருடைய கட்லா மீன்கள் தோள் கனத்து வந்தன. வலையில் ஒன்றைத் தூக்கிக் காட்டி, "பாருங்க மேடம், பட்டாளத்துக்கு எடுக்கலாம். நெஞ்சளவு பாஸு!" என்பார். மேடமும் சிரிப்பார்.

நாங்கள் வாரம் தவறாமல் போவோம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் இராஜபாளையம், அங்கிருந்து டவுன் பஸ், இறங்கிக் கரையில் நடை. போய்ச் சேரும்போது வெயில் நன்றாக ஏறியிருக்கும். பாட்டிலில் மருந்து விட்டால் பஞ்சு கடும் பழுப்பாக இறங்கும்.

"எப்படி தம்பி நம்ம ஆளுகளுக்கு மூச்சு?" என்று செல்வராஜ் அண்ணன் கேட்பார்.

"பஞ்சமே இல்லண்ணே."

அவர் பலகையை இன்னும் கொஞ்சம் தூக்குவார்.

மேடத்துக்கு மட்டும் ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் பச்சை மாறிக்கொண்டு வந்தது. முதலில் கிளிப்பச்சை. பிறகு கரையோரம் பெயின்ட் கொட்டினமாதிரி நீலம் கலந்த பச்சை ஏடு படிந்தது. மைக்ராஸ்கோப்பில் சக்கரமும் படகும் குறைந்து, ஒரே ஜாதிப் பாசி கட்டி கட்டியாக அடைத்துக்கொண்டது. "கூட்டம் இருக்கு, ஆனா எல்லாம் ஒரே வீட்டு ஆளுகளா இருக்காவளே" என்று முணுமுணுப்பார். செல்வராஜ் அண்ணனிடம் பலகையை இறக்கச் சொல்லியும் பார்த்தார்.

"மேடம், ஆக்சிசன் கொட்டிக் கெடக்குன்னு உங்க பையனே சொல்லுதான். பொறவு ஏன் பயப்படுதீங்க?"

எண்கள் அவர் பக்கம் இருந்தன. அவை பொய்யும் இல்லை.

ஐப்பசி பிறந்திருந்தது. ஒருநாள் கண்மாயிலிருந்து வந்து மாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். நான் சும்மா சிரிப்புக்காகச் சொன்னேன்.

"மேடம், செல்வராஜ் அண்ணன் மீனெல்லாம் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவங்களா ஆயிட்டாம்."

"என்னலே உளறுத?"

"விடியக்காலம் வேதக்கோயில் மணி அடிக்கையில கரைக்கு வருவாராம். மீனெல்லாம் மேல வந்து வரிசையா வாயத் தொறந்து தொறந்து மூடுதாம். செபம் சொல்லுதுன்னு சொல்லுதாரு. அந்த நேரத்துல வந்து பாரு தம்பி, கண்மாய் பூரா தலைதான், அம்புட்டு மீன் கெடக்குன்னு ஒரே பெருமை."

மேடம் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. டீ கிளாஸை மேஜையில் வைத்தார்.

"அவரு சொன்னத அப்படியே இன்னொரு தடவ சொல்லு தம்பி."

தம்பி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். திரும்பவும் சொன்னேன்.

மேடம் எழுந்துபோய் எங்கள் பதிவேட்டைப் புரட்டினார். பிறகு கேட்டார்: "நாம என்னைக்காவது பஸ்ஸு வாரதுக்கு முன்னால தண்ணி புடிச்சிருக்கோமா?"

இல்லை. ஒருநாளும் இல்லை.

பாசி பகலில் வெயிலை வாங்கிக்கொண்டு ஆக்சிஜனைக் கொடுக்கும். இருட்டினால் கொடுப்பது நின்றுவிடும். ஆனால் அதுவும் உயிர்தானே, மூச்சு விடும். மீனும் மூச்சு விடும். அடியில் அழுகுகிற கழிவும் ஆக்சிஜனை இழுக்கும். தண்ணீர் எவ்வளவு பச்சையோ, பகலில் அவ்வளவு செழிப்பு, விடியற்காலையில் அவ்வளவு வறுமை. இதை நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன். மேடம் இதைப் பாடமாகவே நடத்தியவர். ஆனால் எங்களைக் கண்மாய்க்குக் கொண்டுபோய் விட்டது பஸ். பஸ் வருகிற நேரம்தான் எங்களுக்குக் கண்மாயின் நேரம். செல்வராஜ் அண்ணன் பார்த்த நேரத்தில் நாங்கள் இல்லை. நாங்கள் பாட்டில் பிடித்த நேரத்தில் மீன்கள் அடியில் சுகமாக இருந்தன. மேலே வந்து அவை வாயைத் திறந்தது மூச்சு கிடைக்காமல்.

விடியற்காலையில் போக வண்டி இல்லை. மேடமே கீழே இறங்கிப்போய்ப் பால்கோவாக் கடையில் பேசினார். அவர்களுக்குப் பால் எடுத்துவருகிற வேன் கிராமம் கிராமமாகப் போகும். சேத்தூர்ப் பக்கமும் போகும். மறுநாள் இருட்டிலேயே காலிப் பால்கேன்களுக்கு நடுவில் பாட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"திரும்பி வரும்போது இதுல தண்ணி இருக்குமோ மேடம்?"

"ஆமாய்யா, கண்மாய்த் தண்ணி."

"நல்லா இருக்கு. பால் வண்டியில தண்ணி ஏத்துனேன்னு மொதலாளி என் கதைய முடிச்சிருவாரு."

கண்மாய் வெளுக்காத வானத்துக்குக் கீழே கிடந்தது. முதலில் சத்தம்தான் கேட்டது. லேசான மழை விழுகிறமாதிரி, தண்ணீர் முழுக்க, பொளக் பொளக் என்று. வெளிச்சம் வரவர வாய்கள் தெரிந்தன. கரையோரம் முழுக்க, நடுவிலும், வட்ட வட்டமாக வாய்கள்.

"நான் சொன்னேன்லா!" என்றார் செல்வராஜ் அண்ணன், ஆசையாக.

மேடம் பாட்டிலை என் கையில் கொடுத்தார். நான் செல்வராஜ் அண்ணனுடைய தெர்மாகோல் தெப்பத்தில் ஏறி நடுவுக்குப் போய்ப் பாட்டிலைப் பிடித்தேன். குமிழி இல்லை. மருந்து விட்டேன். மூடிக் குலுக்கினேன். பஞ்சு இறங்கியது. வெள்ளை. பாலில் ஊறின பஞ்சுபோல வெள்ளை. தூக்கி உற்றுப் பார்த்தால் ஓரத்தில் மட்டும் கறைமாதிரி ஒரு நூல் பழுப்பு.

கரைக்கு வந்து மேடத்திடம் கொடுத்தேன். அவர் அதை செல்வராஜ் அண்ணன் கையில் கொடுத்தார்.

"வெள்ளையா இருக்கே மேடம். சுத்தமா இருக்குன்னு அர்த்தமா?"

"மூச்சு இல்லன்னு அர்த்தம் அண்ணாச்சி. அதுக செபம் சொல்லல. காத்து கேக்குதுக."

அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார். மேடமும் பக்கத்தில் ஈர மண்ணிலேயே உட்கார்ந்தார். மேடத்தின் பழக்கம் அது. கெட்ட சேதியை ஒருநாளும் நின்றுகொண்டு சொல்லமாட்டார். நடக்கப்போவதைச் சொன்னார்: பகலில் வெயில் அடிக்கிறவரைக்கும் மீன்கள் இப்படியே தப்பித்துக்கொள்ளும். மேகம் மூடி ஒரு பகல் முழுக்க வெயில் இல்லாமல் போனால் பாசி ஒன்றும் கொடுக்காது. அடுத்த விடியலில் கண்மாய் முழுக்க மிதக்கும்.

அப்போதுதான் எல்லோரும் மேலே பார்த்தோம். கிழக்கே சாம்பல் மேகம் கட்டிக்கொண்டு வந்தது.

புஷ்பக்கா செய்தி கேட்டு ஓடிவந்தார்கள். மூச்சிரைக்க மேடத்தின் முன்னால் நின்று, "மேடம், கிறிஸ்மஸுக்கு மீன அரிச்சு விக்கலாம்னு இருந்தாவ. இது போச்சுன்னா இவிய திரும்பவும் மெட்ராஸுக்குப் போயிருவாவ. எதாச்சும் வழி சொல்லுங்க" என்றார்கள்.

"வழி இருக்கு. கஷ்டமான வழி. சத்துத் தண்ணிய மொதல்ல நிறுத்தணும்."

செல்வராஜ் அண்ணன் எழுந்து போனார். பலகையை இறக்கி, சாக்கில் மண்ணை நிரப்பி, அவரே காலால் மிதித்து அடைத்தார். தோள்வரை நனைந்து திரும்பி வந்து, "அடுத்து?" என்றார். பட்டாளத்துக் குரல்.

அடுத்து, கண்மாய்த் தண்ணீரையே மோட்டார் வைத்து உறிஞ்சி, உயரே பீய்ச்சி, மறுபடி கண்மாயிலேயே விழவைக்கவேண்டும். விழுகிற தண்ணீர் காற்றை அள்ளிக்கொண்டு போகும். கூடவே வலை போட்டு அரிக்க முடிந்த மீனை அன்றைக்கே அரித்துக் கூட்டத்தைக் குறைக்கவேண்டும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் டீசல் மோட்டார்களை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். "மழை வரும்போது தண்ணி இறைக்கிற கூத்த இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று ஒருவர் கேலி பேசிக்கொண்டேதான் குழாயைப் பூட்டினார்.

அன்றைக்கு வெயில் வரவேயில்லை.

என் வேலை பாட்டில் பிடிப்பது மட்டும்தான். தெப்பத்தில் போவேன், பிடிப்பேன், குலுக்குவேன், வருவேன். கரையில் வலை இழுக்கிறவர்கள், மோட்டார் பார்க்கிறவர்கள், எல்லோரும் என் கையையே பார்ப்பார்கள். வெள்ளை, வெளிர் பழுப்பு, பழுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யாருக்கும் அது பிடிபடவில்லை. புஷ்பக்காதான் பாட்டிலை வாங்கிப் பார்த்து, "இது மோரு மாதிரில்ல இருக்கு" என்றார்கள். அதற்கப்புறம் கண்மாய் முழுக்க அதுதான் பாஷை. வெள்ளை என்றால் மோர். கொஞ்சம் நிறம் ஏறினால் டீ. நன்றாக ஏறினால் காப்பி.

"தம்பி, என்ன வந்திருக்கு?"

"மோருதான்ண்ணே."

"அடப் போப்பா, காலையில இருந்து மோரையே ஊத்துத!"

மதியம் தாண்டி ஒரு பாட்டிலில் பஞ்சு லேசாகச் சிவந்து இறங்கியது. நான் தெப்பத்திலிருந்தே, "டீ! டீ!" என்று கத்தினேன். கரையில் விசில் பறந்தது. மேடம் வாங்கி வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஏலே, பால் ஜாஸ்தி ஊத்துன டீ" என்றார். ஆனால் முகத்தில் வெளிச்சம்.

இருட்டினபிறகும் மோட்டார்கள் ஓடின. மேடம் வீட்டுக்குப் போகவில்லை. புஷ்பக்கா கொண்டுவந்த போர்வையைச் சுற்றிக்கொண்டு கரையிலேயே இருந்தார். வெளுக்க ஆரம்பித்தது. மோட்டார் சத்தத்துக்கு நடுவில் அந்தப் பொளக் சத்தம் கேட்கிறதா என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். கேட்டது. ஆனால் முந்தின நாள்போல மழையாக இல்லை; அங்கொன்று, இங்கொன்று. பெரிய கட்லாக்கள் சில வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. பெரிய உடம்புக்கு அதிக மூச்சு வேண்டும், அதுதான் முதலில் போகும். செல்வராஜ் அண்ணன் இறங்கி ஒவ்வொன்றாகத் தூக்கிக் கரையில் போட்டார். நான் நடுவுக்குப் போய்ப் பாட்டிலைப் பிடித்தேன். மருந்தை விட்டுக் குலுக்கினேன்.

டீ. மேடம் பாஷையில் பால் ஜாஸ்தி ஊற்றின டீ. ஆனால் டீதான்.

நான் கத்தவில்லை. பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். புஷ்பக்கா அங்கேயே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அடுத்தடுத்த நாட்களில் வெயில் எட்டிப் பார்த்தது. மீனை அரித்து இராஜபாளையத்துக்கும் சேத்தூருக்கும் அனுப்பினார்கள். கிறிஸ்மஸ் விலை கிடைக்கவில்லைதான். ஆனால் கிறிஸ்மஸுக்கு செல்வராஜ் அண்ணன் வீட்டில் இருந்தார். எனக்கும் மேடத்துக்கும் மீன்குழம்புச் சாப்பாடு. மேடம் குழம்பைப் பார்த்து, "இது காப்பி" என்றார். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

மேடம் அறிக்கை எழுதினார். வாய்க்கால் தண்ணீரை அப்படியே விடுவது ஆபத்து; முழுக்க நிறுத்தினாலும் கண்மாய் மெலிந்துபோகும். ஒரு குட்டையில் தேக்கித் தெளியவைத்து, அளவாக விடலாம் என்று எழுதினார். அந்த "அளவு" எவ்வளவு என்று கண்டுபிடிக்கத்தான் எங்களுக்கு இன்னும் சில வருஷங்கள் வேண்டியிருந்தன. கிடைக்கவில்லை. ஊருக்குச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. வாய்க்கால் மொத்தமும் குழாய்க்குள் போய்விட்டது. திட்டம் முடிந்தது. மேடம் ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிக்குப் போனார். மாடியில் இப்போது பால்கோவா அட்டைப்பெட்டிகள் அடுக்கி இருக்கிறார்கள். எனக்குப் படிப்பும் அனுபவமும் பொருந்தியதால் இந்த வேலை கிடைத்தது. அந்த வாய்க்கால் தண்ணீர்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது.

இதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சாக்கடை கண்மாயில் விழக்கூடாது, கிணறுகள் தெளிந்திருக்கின்றன. திட்டம் முடிகிற மாசம் கடைசியாகச் சடையன் கண்மாயில் ஒரு சொட்டு எடுத்து வைத்துப் பார்த்தேன். கட்டம் கட்டமாகத் தாண்டிப்போனேன். காலி. காலி. ஓரத்தில் ஒரு படகு மட்டும் கிடந்தது. தட்டைக் கழுவ மனசு வராமல் வெகுநேரம் வைத்திருந்தேன். இப்போதும் சில நாள் கண்ணை மூடினால் அந்தத் தேர்க்கூட்டம் வருகிறது. இன்னும் ஒரே ஒரு தடவை அந்தப் பச்சைக்குள் குனிந்து பார்க்கக் கிடைத்தால் போதும் என்றிருக்கிறது. சென்சாரில் எண் வருகிறது. எண்ணுக்கு நிறம் இல்லை.

தெளிந்த தண்ணீரில் மீன் வளரவில்லை. கட்லாவுக்குத் தலை மட்டும் பெருத்து உடம்பு ஒட்டிக்கிடந்தது. செல்வராஜ் அண்ணன் சாணி போட்டார், புண்ணாக்கு போட்டார், எங்கெங்கோ கேட்டு என்னென்னவோ போட்டார். இரண்டு பருவம் பார்த்தார். பிறகு குத்தகையை விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினார். மெட்ராஸ்தான். எங்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. எப்போதாவது போன் பண்ணுவார். "இங்க மேகமா கெடக்கு தம்பி, அங்க எப்படி?" என்பார். அவர் கேட்கிறது மழையை இல்லை என்று எனக்குத் தெரியும். வெளியே வந்து வானத்தைப் பார்த்துச் சொல்லுவேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரணம் ஒன்றும் இல்லாமல், கண்மாய்ப் பக்கம் வண்டியை விட்டேன். நல்ல மழைக்குப் பிறகு நிறைந்து கிடந்தது. பிள்ளைகள் முங்கிக் குளித்துக்கொண்டிருந்தார்கள். படித்துறையில் புஷ்பக்கா துவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன தம்பி, எண்ண வந்தியளா?"

"இல்லக்கா. சும்மா பாக்கத்தான் வந்தேன்."

"பாருங்க. அடி மண்ணு வரைக்கும் தெரியுது. பிள்ளைகளுக்குச் சொறி செரங்குன்னு ஒண்ணும் இல்ல." துணியைக் கல்லில் இரண்டு அடி அடித்துவிட்டு, "அந்தத் தண்ணி இப்ப உங்ககிட்டதான வருது? என்ன செய்வீங்க அத?" என்று கேட்டார்கள்.

"பெரிய தொட்டியில விட்டுக் காத்தடிப்போம்க்கா. சேறு அடியில தங்கும். அதக் காயவச்சு லாரியில ஏத்திருவோம். தெளிஞ்ச தண்ணி வெளிய போயிரும்."

"மோட்டார் வச்சா காத்தடிப்பீங்க? அன்னைக்கு நாம அடிச்ச மாதிரியா?"

"அதே மாதிரிதான்க்கா."

"ராப்பகலாவா?"

"ராப்பகலாத்தான்."

புஷ்பக்கா சிரித்தார்கள். சேலையை முறுக்கிப் பிழிந்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் குளிக்கிற பக்கம் திரும்பினார்கள்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு தம்பி. குத்தம் சொல்ல முடியாது. அவியதான் வீட்டுல இல்ல."